ஈஸ்டர்லின் முரண்: வருமானமும் மகிழ்ச்சியும் குறித்த ஓர் ஆய்வின் வரலாறு

ரிச்சர்ட் ஈஸ்டர்லின் (1926–2024) அமெரிக்கப் பொருளியலாளர். பொருளாதார வரலாறு, மக்கள்தொகை ஆகிய இரு துறைகளிலும் முன்னோடி ஆய்வுகள் செய்தவர். ஒரு நாட்டின் வருமானம் பல ஆண்டுகள் தொடர்ந்து உயர்ந்தாலும் அந்நாட்டு மக்களின் மகிழ்ச்சி அதற்கேற்ப உயர்வதில்லை என்று 1974இல் அவர் வெளியிட்ட முடிவு, அவர் பெயராலேயே 'ஈஸ்டர்லின் முரண்' என வழங்குகிறது.

இந்த முடிவைப் 'பணத்தால் மகிழ்ச்சியை வாங்க முடியாது' என்ற பழைய அறிவுரையாகச் சுருக்கிச் சொல்வோர் பலர். அது அவருக்கு நியாயம் செய்வதாகாது. ஒரே நாட்டுக்குள் ஏழைகளைவிட வசதியுள்ளவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பதைப் பல நாட்டுத் தரவுகளைக் கொண்டு முதலில் காட்டியவர்களுள் அவரும் ஒருவர். அப்படியிருக்க, எல்லாருடைய வருமானமும் கூடும்போது எல்லாருடைய மகிழ்ச்சியும் ஏன் கூடவில்லை? அவர் எழுப்பிய கேள்வி இதுதான். அரசுகள் எதை இலக்காகக் கொண்டு இயங்க வேண்டும் என்ற பெரிய வழக்கு இந்தச் சிறு கேள்விக்குள் அடங்கியிருந்ததால், அரை நூற்றாண்டு கடந்தும் விவாதம் ஓயவில்லை.

பொறியியலிலிருந்து பொருளியலுக்கு

ஈஸ்டர்லின் 1926 சனவரி 12 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் ரிட்ஜ்ஃபீல்டு பார்க் என்ற ஊரில் பிறந்தார். அவரது பள்ளிப்பருவம் 1930களின் பெருமந்தக் காலத்தில் கழிந்தது. முதலில் படித்தது இயந்திரப் பொறியியல். 1945இல் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற பின் பொருளியலுக்கு மாறினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1949இல் முதுகலைப் பட்டமும் 1953இல் முனைவர் பட்டமும் பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் சேர்ந்தார்.

அங்கு அவருக்கு வாய்த்த ஆசான் சைமன் குஸ்நெட்ஸ். இந்த ஆசிரியர்–மாணவர் உறவைத் தெரிந்துகொள்ளாமல் பின்னர் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. பெருமந்தம் தாக்கியபோது, நாட்டின் உற்பத்தி எவ்வளவு வீழ்ந்தது என்று சொல்ல அமெரிக்க அரசிடம் முறையான கணக்கே இல்லை. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் குஸ்நெட்ஸ். 1934இல் அமெரிக்க மேலவைக்கு அவர் அளித்த அறிக்கை, 1929க்கும் 1932க்கும் இடையில் நாட்டு வருமானம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. இன்று நாளிதழ்களில் நாம் காணும் மொத்த உள்நாட்டு உற்பத்தி என்னும் அளவை அந்தக் கணக்கின் வழிவந்ததே. அதே அறிக்கையில் குஸ்நெட்ஸ் ஓர் எச்சரிக்கையும் சேர்த்திருந்தார்: நாட்டின் வருமானத்தை மட்டும் கொண்டு மக்களின் நல்வாழ்வை முடிவு செய்துவிட முடியாது. அளவுகோல் உலகெங்கும் பரவியது. எச்சரிக்கை அறிக்கைக்குள்ளேயே தங்கிவிட்டது. குஸ்நெட்ஸுக்கு 1971இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

குஸ்நெட்ஸும் சமூகவியலாளர் டோரதி தாமசும் சேர்ந்து நடத்திய, அமெரிக்க மக்கள்தொகை இடப்பெயர்வும் பொருளாதார வளர்ச்சியும் குறித்த பெரும் ஆய்வில் ஈஸ்டர்லின் இளம் ஆய்வாளராகப் பணியாற்றினார். 1840 முதல் அமெரிக்காவின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனிநபர் வருமானத்தைக் கணக்கிட்டது அவருடைய தொடக்ககால உழைப்புகளுள் ஒன்று. பழைய கணக்கெடுப்பு ஏடுகளைப் புரட்டி நூறாண்டுக்கு மேற்பட்ட எண்களை வரிசைப்படுத்தும் பொறுமை அப்போது வந்தது. ஓராண்டு, ஈராண்டு ஏற்ற இறக்கங்களைக் கண்டு முடிவுக்கு வரக்கூடாது, நீண்ட காலப் போக்கைப் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதமும் அப்போதே வந்ததுதான்.

பிறப்பும் பேறும்

மகிழ்ச்சி ஆய்வுக்கு முன்பே ஈஸ்டர்லின் பெயர் பெற்றது மக்கள்தொகை ஆய்வில். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பிறப்புகள் திடீரென்று பெருகின. 1946 முதல் 1964 வரையிலான இக்காலத்தைக் 'குழந்தைப் பெருக்கக் காலம்' என்பர். 1957ஐ ஒட்டி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மூன்றரைக் குழந்தைகளுக்கு மேல் இருந்த நிலை, 1970களின் நடுவில் இரண்டுக்கும் கீழே இறங்கியது. இந்த ஏற்றமும் இறக்கமும் ஏன்?

ஈஸ்டர்லின் அளித்த விளக்கம் எளிமையானது. 1930களின் மந்தக் காலத்தில் குறைவான குழந்தைகளே பிறந்தன. அவர்கள் 1950களில் வேலைக்கு வந்தபோது போட்டி குறைவு, சம்பளம் அதிகம். சிக்கனமான வீடுகளில் வளர்ந்தவர்கள் என்பதால் எதிர்பார்ப்பும் குறைவு. கையில் இருந்தது எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்ததால் விரைவில் மணந்து நிறையக் குழந்தைகளைப் பெற்றனர். அந்தக் குழந்தைகளின் நிலை நேரெதிரானது. அவர்கள் எண்ணிக்கையில் பெருந்திரள். பள்ளியில் நெரிசல், வேலைச்சந்தையில் நெரிசல். செழிப்பான வீடுகளில் வளர்ந்ததால் எதிர்பார்ப்பும் பெரிது. எனவே திருமணத்தைத் தள்ளிப்போட்டனர், குழந்தைகளையும் குறைத்துக்கொண்டனர். 1980இல் வெளிவந்த 'பிறப்பும் பேறும்' என்ற நூலில் இக்கருத்தை விரிவாக எழுதினார்.

இக்கொள்கை நடந்ததை விளக்கிய அளவுக்கு நடக்கப்போவதைச் சொல்லவில்லை. சிறிய தலைமுறை மீண்டும் வரும்போது பிறப்புகள் மீண்டும் பெருகும் என்ற கணிப்பு பலிக்கவில்லை. ஆயினும் அதன் உள்ளே இருந்த ஒரு கருத்து உயிரோடு தங்கியது: ஒருவர் தம் வருமானத்தை நல்லது, போதாது என்று மதிப்பிடுவது அதன் தொகையைக் கொண்டு மட்டுமல்ல, வளர்ந்த வீட்டில் பழகிய வாழ்க்கையோடு அதை ஒப்பிட்டுத்தான். மகிழ்ச்சி ஆய்வுக்கான விதை இங்கேயே விழுந்துவிட்டது எனலாம்.

இதே காலத்தில் அவர் ஆற்றிய மற்றொரு உரையும் குறிப்பிடத்தக்கது. பொருளாதார வரலாற்றுக் கழகத்தின் தலைவராக அவர் ஆற்றி, 1981இல் அச்சான அவ்வுரையின் தலைப்பு, உலகம் முழுவதும் ஏன் வளர்ச்சி அடையவில்லை என்ற கேள்வி. புதிய தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளும் ஆற்றலை மக்களுக்குத் தருவது பள்ளிக் கல்வியே. அது எங்கு முன்னதாகப் பரவியதோ அங்கு வளர்ச்சியும் முன்னதாக வந்தது என்பது அவர் தந்த விடை. கல்விச் செலவை வீண் செலவாகக் கருதுவோர் இன்றும் படிக்க வேண்டிய உரை இது.

கேட்டறியத் தயங்கிய துறை

மகிழ்ச்சி என்ற சொல் பொருளியலுக்குப் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தாம் இன்பத்தையும் துன்பத்தையும் கூட்டிக் கழித்து நல்லாட்சியை அளக்கலாம் என்றார். இருபதாம் நூற்றாண்டுப் பொருளியலாளர்கள் இந்தப் பேச்சை ஒதுக்கிவைத்தனர். ஒருவர் மனநிறைவை இன்னொருவர் மனநிறைவோடு ஒப்பிடுவதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று 1932இல் லயனல் ராபின்ஸ் வாதிட்டார். மனிதர் வாயால் சொல்வதைக் கணக்கில் கொள்ள வேண்டாம், கடையில் எதைத் தேர்ந்து வாங்குகிறார்களோ அதுவே அவர்கள் விருப்பத்துக்குச் சான்று என்ற வழியைப் பால் சாமுவேல்சன் 1938இல் வகுத்தார். அதன்பின் யாரிடமும் போய் 'நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா' என்று கேட்பது பொருளியலாளர் செய்யும் வேலையாகக் கருதப்படவில்லை.

மற்றவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தனர். அமெரிக்காவில் காலப் நிறுவனம் 1940களிலிருந்தே தன் கருத்துக்கணிப்புகளில் மிக மகிழ்ச்சி, ஓரளவு மகிழ்ச்சி, அவ்வளவாக மகிழ்ச்சி இல்லை என்ற மூன்று விடைகளோடு இக்கேள்வியைச் சேர்த்திருந்தது. உளவியலாளர் ஹேட்லி கான்ட்ரில் இன்னும் நுட்பமான வழியைக் கண்டார். ஓர் ஏணியின் படத்தைக் காட்டி, நீங்கள் எண்ணிப் பார்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை பத்தாம் படி, மிக மோசமான வாழ்க்கை அடிப்படி. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்டார். நல்வாழ்வு எது என்பதை ஆய்வாளர் சொல்லவில்லை, பதில் சொல்பவரே வகுத்துக்கொள்கிறார் என்பதே இதன் சிறப்பு. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் இந்தியா உள்ளிட்ட 14 நாடுகளில் ஏறத்தாழ 20,000 பேரிடம் இந்த ஏணி காட்டப்பட்டது. முடிவுகள் 1965இல் நூலாயின.

1970–71இல் ஈஸ்டர்லின் ஸ்டான்ஃபோர்டில் உள்ள நடத்தை அறிவியல் உயராய்வு மையத்தில் ஓராண்டு தங்கியிருந்தார். அங்கிருந்த பிற சமூக அறிவியலாளர்களோடு பேசிய பேச்சுகளின் வழியே இந்தத் தரவுகள் அவர் கவனத்துக்கு வந்தன. வருமான எண்களோடு இருபது ஆண்டுகள் பழகிய கை, அவற்றின் பக்கத்தில் மகிழ்ச்சி எண்களை வைத்துப் பார்த்தது.

1974 கட்டுரை

'பொருளாதார வளர்ச்சி மனிதரின் நிலையை உயர்த்துகிறதா?' என்ற கட்டுரை 1974இல் வெளிவந்தது. பொருளாதார வளர்ச்சி ஆய்வில் புகழ்பெற்ற மோசஸ் ஆப்ரமோவிட்ஸைச் சிறப்பிக்கும் தொகுப்பு நூலில் அது இடம்பெற்றது. வளர்ச்சி ஆய்வாளருக்கு எடுத்த மலரில் வளர்ச்சியின் பயனையே கேள்வி கேட்கும் கட்டுரை வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் உற்பத்தி உயர்வை நலவாழ்வின் உயர்வாகக் கொள்ளலாமா என்ற ஐயத்தை ஆப்ரமோவிட்ஸே 1959இல் எழுப்பியிருந்தார். அவருக்கு ஏற்ற காணிக்கைதான்.

கட்டுரை மூன்று ஒப்பீடுகளைச் செய்தது. முதலாவது, ஒரே நாட்டுக்குள் ஒரே நேரத்தில். 19 நாடுகளில் நடந்த 30 கணக்கெடுப்புகளிலும் வருமானம் கூடியவர்களே மகிழ்ச்சியும் கூடியவர்களாக இருந்தனர். 1970ஆம் ஆண்டு அமெரிக்கக் கணிப்பில், ஆண்டு வருமானம் 3,000 டாலருக்கும் கீழே இருந்தவர்களில் 29 விழுக்காட்டினர் மிக மகிழ்ச்சி என்றனர். 15,000 டாலருக்கு மேல் இருந்தவர்களில் 56 விழுக்காட்டினர் அவ்வாறு கூறினர். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையில். இங்கு படம் கலங்கலாக இருந்தது. கான்ட்ரிலின் ஏணியில் அமெரிக்கா சராசரியாக 6.6ஆம் படியிலும் இந்தியா 3.7ஆம் படியிலும் நின்றன, இது எதிர்பார்த்ததே. ஆனால் மேற்கு ஜெர்மனி 5.3, நைஜீரியா 4.8. மேற்கு ஜெர்மனியின் தனிநபர் வருமானம் நைஜீரியாவினுடையதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் இருந்தது. புரட்சி முடிந்த புதிதில் இருந்த கியூபா 6.4இல் நின்று அமெரிக்காவை எட்டிப் பிடித்தது.

மூன்றாவதுதான் முரணின் இருப்பிடம்: ஒரே நாடு, பல ஆண்டுகள். அமெரிக்காவில் 'மிக மகிழ்ச்சி' என்றவர்களின் பங்கு 1946இல் 39 விழுக்காடு. 1957இல் அது 50 விழுக்காட்டைத் தாண்டியது. பின் 1960களில் இறங்கி, 1970இல் 43 விழுக்காட்டில் நின்றது. இந்தக் கால் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் கார், தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சொந்த வீடு என்று அதற்கு முன் எந்தத் தலைமுறையும் காணாத வேகத்தில் வாங்கிக் குவித்தனர். மகிழ்ச்சிக் கணக்கோ 1940களின் இறுதியில் இருந்த இடத்துக்கே திரும்பி வந்திருந்தது.

அண்டை வீடும் பழகிய வீடும்

இதற்கு ஈஸ்டர்லின் கூறிய முதற்காரணம் ஒப்பீடு. வகுப்பில் எல்லா மாணவர்களுக்கும் பத்து மதிப்பெண் கூடினால் எல்லாருடைய மதிப்பெண்ணும் உயரும், ஆனால் தர வரிசையில் யாரும் முன்னேறுவதில்லை. தம் வருமானத்தைத் தர வரிசையாகப் பார்க்கும் மனிதருக்கு ஊரே சேர்ந்து உயர்வது உயர்வாகத் தெரியாது. இக்கருத்தின் வேர் பழையது. அரண்மனை ஒன்று அருகில் எழும்போது சிறுவீடு குடிசையாகிவிடுவதைக் கார்ல் மார்க்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சுட்டியிருந்தார். பொருளியலில் இதைக் கோட்பாடாக்கியவர் 1949இல் ஜேம்ஸ் டியூசன்பெரி.

1998இல் சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே ஆகிய இருவரும் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியில் கேட்ட ஒரு கேள்வி இதைத் தெளிவாக்குகிறது. உங்கள் வருமானம் 50,000 டாலர், மற்றவர்களுக்கு 25,000 டாலர். அல்லது உங்கள் வருமானம் 1,00,000 டாலர், மற்றவர்களுக்கு 2,00,000 டாலர். விலைவாசி இரண்டிலும் ஒன்றே. எந்த உலகம் வேண்டும்? ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் உலகத்தைத் தேர்ந்தனர். அதாவது, மற்றவர்களைவிட மேலே இருப்பதற்காகத் தம் வருமானத்தில் பாதியை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தனர். இதே கேள்வியை விடுமுறை நாள்களைப் பற்றிக் கேட்டபோது அப்படித் தேர்ந்தவர்கள் மிகக் குறைவு. பக்கத்து வீட்டாரின் சம்பளம் உறுத்துகிறது. அவர்களது ஓய்வு நேரம் அவ்வளவாக உறுத்துவதில்லை.

இரண்டாவது காரணம் பழக்கம். கையில் உள்ளது வளர வளர, வேண்டும் என்பதும் வளர்கிறது. இதற்கு ஈஸ்டர்லின் எடுத்துக்கொண்ட சான்று ரோப்பர் நிறுவனத்தின் கணிப்பு. வீடு, கார், வண்ணத் தொலைக்காட்சி, வெளிநாட்டுப் பயணம், நீச்சல் குளம், விடுமுறைக்கென்று இன்னொரு வீடு என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, நல்வாழ்வுக்கு இவற்றில் எவை தேவை, எவை ஏற்கெனவே உங்களிடம் உள்ளன என்று அது கேட்டது. 1978க்கும் 1994க்கும் இடையில் இருப்பவற்றின் பட்டியல் நீண்டது. தேவையானவற்றின் பட்டியலும் அதே அளவு நீண்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு குறையவில்லை.

அப்படியென்றால் மனிதர் எதற்கும் பழகிவிடுவார், எதுவும் அவரை நிலையாக மாற்றாது என்று கொள்ளலாமா? 1978இல் பிலிப் பிரிக்மனும் சக ஆய்வாளர்களும் பரிசுச்சீட்டில் வென்ற 22 பேரையும் விபத்தில் உடல் முடங்கிய 29 பேரையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை இந்த எண்ணத்தைப் பரப்பியது. ஈஸ்டர்லின் இதை ஏற்கவில்லை. அந்தக் கட்டுரையிலேயே விபத்துக்குள்ளானவர்களின் மகிழ்ச்சி மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் இருந்தது. 2003இல் அவர் எழுதிய கட்டுரை, உடல்நலக் கேடும் திருமண வாழ்வும் மகிழ்ச்சியில் நீண்டகால மாற்றம் ஏற்படுத்துகின்றன என்று காட்டியது. பணத்துக்கு மனம் விரைவாகப் பழகுகிறது, தீராத முதுகுவலிக்குப் பழகுவதில்லை. ஆகவே மனிதர்கள் தங்கள் நேரத்தைப் பணம் தேடுவதில் அளவுக்கு மீறிச் செலவிட்டு, குடும்பத்துக்கும் உடல்நலத்துக்கும் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. அறநூல்கள் இதையே கூறியிருக்கலாம். கணிப்புத் தரவுகளின் வழியே ஒரு பொருளியலாளர் அங்கு வந்து சேர்ந்தார் என்பதில்தான் புதுமை.

மறுப்பும் மறுமொழியும்

தொடக்கத்தில் பொருளியலாளர்கள் இக்கட்டுரையை மறுக்கக்கூட இல்லை, பொருட்படுத்தவில்லை. 1982இல் ஈஸ்டர்லின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1995இல் பழைய கேள்விக்குத் திரும்பி, ஜப்பானையும் சான்றாகச் சேர்த்தார். 1958 முதல் 1987 வரை ஜப்பானின் தனிநபர் வருமானம் ஐந்து மடங்கானது; மனநிறைவு அசையவில்லை. அதற்குள் மகிழ்ச்சி ஆய்வு ஒரு துறையாக வளரத் தொடங்கியிருந்தது. எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது.

கடுமையான தாக்குதல் 2008இல் வந்தது. பெட்ஸி ஸ்டீவன்சனும் ஜஸ்டின் உல்ஃபர்ஸும், அதுவரை திரண்டிருந்த பன்னாட்டுத் தரவுகளைக் கொண்டு, பணக்கார நாடுகளின் மக்கள் ஏழை நாட்டு மக்களைவிடத் தெளிவாகவே மனநிறைவோடு இருக்கிறார்கள் என்றனர். அதே ஆண்டில் ஆங்கஸ் டீட்டனும் உலக அளவிலான காலப் கணிப்பைக் கொண்டு இதே முடிவுக்கு வந்தார். ஜப்பான் பற்றியும் ஸ்டீவன்சன், உல்ஃபர்ஸ் இருவரும் ஒரு கூர்மையான குறையைக் கண்டனர். அங்குக் கணிப்பில் கேட்கப்பட்ட கேள்வியும் விடைகளின் சொற்களும் இடையில் சிலமுறை மாறியிருந்தன. கேள்வி மாறினால் விடைகளை ஒரே கோட்டில் இணைக்க முடியாது. இது நியாயமான குற்றச்சாட்டு.

இரண்டாவது ஒப்பீட்டில், அதாவது நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான ஒப்பீட்டில், காலம் ஈஸ்டர்லினின் 1974 கருத்தைத் திருத்திவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஆனால் முரண் நின்றது மூன்றாவது ஒப்பீட்டின் மேல். 2010இல் அவர் அளித்த மறுமொழி அதையே வற்புறுத்தியது. மந்தம் வரும்போது மகிழ்ச்சி குறையும், மீட்சி வரும்போது கூடும். குறுகிய காலத்தில் இரண்டும் சேர்ந்தே நகரும். பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட போக்கைப் பார்த்தால் அந்த உறவு மறைகிறது. வளர்ந்த நாடுகள், வளரும் நாடுகள், சோசலிசத்திலிருந்து மாறிய கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஆகிய மூன்று வகையிலும் இதுவே உண்மை என்றார் அவர். மீட்சிக் காலத்தை மட்டும் அளந்து வளர்ச்சியின் பயன் என்று சொல்கிறார்கள் என்பது எதிர்த்தரப்பின் மேல் அவர் வைத்த குற்றச்சாட்டு. குஸ்நெட்ஸின் மாணவர் பேசுகிறார் என்பது இங்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே நீக்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் பணம் மகிழ்ச்சி தராது என்ற செய்தி ஈஸ்டர்லினுடையதன்று. அது டேனியல் கானமனும் டீட்டனும் 2010இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அதிலும் அந்த வரம்பு அன்றாட மனநிலைக்கு மட்டுமே, வாழ்க்கை பற்றிய மதிப்பீட்டுக்கு அன்று. பின்னர் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தின் தரவு அதை மறுத்தது. இருதரப்பும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட கட்டுரை, மகிழ்ச்சி மிகக் குறைந்தவர்களிடம் மட்டுமே அப்படியொரு வரம்பு காணப்படுகிறது என்றது. அவை எல்லாம் ஒரே நாட்டுக்குள் ஆளுக்கு ஆள் ஒப்பிடும் ஆய்வுகள். ஈஸ்டர்லின் முரணை அவை தொடுவதில்லை.

இவற்றைவிட ஆழமான மறுப்பு அமர்த்தியா சென்னுடையது. நெடுங்காலம் வறுமையில் வாழ்ந்தவர் தம் ஆசைகளைத் தம் நிலைக்கேற்பச் சுருக்கிக்கொள்வார்; அவர் நிறைவாக இருப்பதாகச் சொல்வதைக் கொண்டு அவருக்குக் குறை ஒன்றுமில்லை என்று அரசு முடிவு செய்துவிடலாகாது. உடல்நலம் பற்றி 2002இல் சென் காட்டிய எடுத்துக்காட்டு இந்தியருக்கு நெருக்கமானது. தமக்கு நோய் இருப்பதாகச் சொன்னோரின் விகிதம் கேரளத்தில் மிக அதிகம், பீகாரில் மிகக் குறைவு. ஆயுளோ கேரளத்தில்தான் நீளம். படிப்பும் மருத்துவமனையும் இருக்கும் இடத்தில் மனிதர் தம் நோயை அறிகிறார், சொல்கிறார். இல்லாத இடத்தில் வலியை வாழ்வின் இயல்பு என்று எண்ணிவிடுகிறார். மகிழ்ச்சிக்கும் இது பொருந்தாதா? ஆசைகள் நிலைமைக்கேற்ப நகரும் என்பதே ஈஸ்டர்லினின் விளக்கமும் என்பதால், இக்கேள்வி அவருடைய அளவுகோலின் அடியையே தொடுகிறது. தம் வாழ்வைப் பற்றி முடிவு சொல்லும் உரிமை வாழ்பவருக்கே உண்டு, வல்லுநருக்கு அன்று என்பது ஈஸ்டர்லின் பக்கத்து வாதம். அதற்கும் வலு இல்லாமலில்லை.

சீனா காட்டியது

ஈஸ்டர்லினும் அவரோடு பணியாற்றியவர்களும் 2012இல் வெளியிட்ட சீன ஆய்வு, முரணுக்குக் கிடைத்த மிக வலுவான சான்று. 1990 முதல் 2010 வரை சீனாவின் தனிநபர் உற்பத்தி நான்கு மடங்குக்குக் குறையாமல் பெருகியது. அந்த வேகம் வரலாற்றில் அரிது. ஒப்பீடும் பழக்கமும் எவ்வளவு விழுங்கினாலும் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டிய வளர்ச்சி அது. மிஞ்சவில்லை. மக்களின் மனநிறைவு 2000–2005 வரை இறங்கி, பின்னரே ஏறத் தொடங்கியது. 2010இல்கூட அது 1990ஆம் ஆண்டு நிலையைத் தாண்டவில்லை. வருமானத்தில் கடைசி மூன்றில் ஒரு பங்கினரிடம் வீழ்ச்சி மிகக் கடுமையாக இருந்தது.

காரணத்தை ஈஸ்டர்லின் வருமானத்துக்கு வெளியே தேடினார். பழைய அமைப்பில் நகரத் தொழிலாளிக்கு நிலையான வேலை, வீடு, மருத்துவம், ஓய்வூதியம் யாவும் தொழிற்சாலை வழியாகக் கிடைத்தன. சீனர் இதை 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்' என்பர். 1990களில் அரசு நிறுவனங்கள் சீரமைக்கப்பட்டபோது கிண்ணம் உடைந்தது. வேலையின்மை விரைந்து ஏறியது. கடைத்தெருவில் பொருள்கள் நிறைந்த அதே ஆண்டுகளில், நாளைக்கு வேலை இருக்குமா, முதுமையில் யார் பார்ப்பார் என்ற கவலை வீட்டுக்குள் நிறைந்தது. வேலை நிலைமை சீரடைந்து பாதுகாப்பு ஏற்பாடுகள் மெல்லத் திரும்பிய பிறகே மனநிறைவும் திரும்பியது. கிழக்கு ஐரோப்பாவில் 1990க்குப் பின் நடந்ததும் ஏறக்குறைய இதுவே.

ஆகவே அரசு செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று அவர் சொல்லவில்லை. வருமான அளவில் ஒத்த ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு, வேலை, நோய், முதுமை ஆகியவற்றுக்குத் தாராளமான பாதுகாப்பு தரும் டென்மார்க் போன்ற வடநாடுகளில் மக்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். வளர்ச்சி வேண்டாம் என்பது இதன் பொருளன்று. வளர்ச்சியைப் பெருக்கினால் மகிழ்ச்சி தானே பின்தொடரும் என்று காத்திருப்பதை மட்டுமே அவர் ஏற்கவில்லை.

இதற்கிடையில் அரசுகளும் இந்தப் பக்கம் திரும்பின. பிரான்சு அரசு 2008இல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், அமர்த்தியா சென், ழான்-பால் ஃபித்தூசி ஆகியோரைக் கொண்டு, உற்பத்தி அளவைக்கு அப்பால் நலனை அளப்பது பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. பூடானின் முன்முயற்சியால் ஐ.நா. பொதுப்பேரவை 2011இல் மகிழ்ச்சி குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவது கான்ட்ரிலின் அதே ஏணியைத்தான்.

இறுதி ஆண்டுகள்

மக்கள்தொகை ஆய்வாளர் கழகம், பொருளாதார வரலாற்றுக் கழகம் ஆகிய இரண்டுக்கும் தலைவராக இருந்த ஈஸ்டர்லின், 2002இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வானார். 2009இல் தொழிலாளர் பொருளியலுக்கான ஐ.சட்.ஏ. பரிசைப் பெற்றார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கேள்வியோடு மல்லுக்கட்டியவர்களில் டீட்டனுக்கு அது 2015இல் வேறு பணிகளுக்காகக் கிடைத்தது.

92ஆம் வயதில், 2018இல், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றார். 2021இல், 95ஆம் வயதில், மகிழ்ச்சி பற்றித் தாம் வகுப்பில் கற்பித்தவற்றை மாணவர்களோடு உரையாடும் நடையில் நூலாக்கினார். பொருளியலுக்கு வழங்கிவந்த 'சோக அறிவியல்' என்ற பழம்பட்டத்துக்கு விடைகொடுப்பதாக அந்நூலின் துணைத்தலைப்பு அமைந்தது. கெல்சி ஓ'கானருடன் சேர்ந்து, முரண் இன்றும் செல்லுபடியாகிறது என்று புதிய தரவுகளைக் கொண்டு வாதிட்ட கட்டுரைகளும் இவ்வாண்டுகளில் வந்தவையே. 2024 டிசம்பர் 16 அன்று கலிபோர்னியாவின் பாசடினாவில், 98ஆம் வயதில் காலமானார்.